கூட்டிட்டுப் போங்கக்கா

லில்லியின் தலையிலிருந்து குற்றாலத்து வாசனை போகவே மாட்டேன் என்றது.

அருவியில் குளித்துவிட்டு வந்தால் நாலைந்து நாளைக்கு முடியில் ஒரு பாசி வாசம் இருக்கத்தான் செய்யும், அதனால் முதலில் ஸ்டெபி அதைக் கண்டுகொள்ளவில்லை. அப்புறமும் அது போகவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், வாசனை ஷாம்பு வாங்கிப் போட்டாள், உச்சி வெயிலில் மாடியில் உட்கார வைத்து முடியை விரித்துக் காயவைத்தாள். மறுநாள் காலையில் சடை பின்ன வகிடு எடுத்ததும் அந்த இடத்திலிருந்து குப்பென்று அடிக்கும், நல்லெண்ணெயும் ஊறிப்போன பாறையும் பல நாள் காயாமல் கிடந்த கூந்தலும் சேர்ந்த ஒரு வாடை. லில்லிக்கு நல்லெண்ணெய் வைத்ததே கிடையாது. பிறந்ததிலிருந்து தேங்காய் எண்ணெய்தான்.

"எங்கட்டி போய்த் தலைய நனைச்ச?"

"நான் நனைக்கலம்மா."

"பின்ன எப்படி வேர்ல ஈரம் இருக்கு?"

லில்லி தோளைக் குலுக்கினாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் என்ன தெரியும்? தெருமுனையில் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்தது. பையை மாட்டிக்கொண்டு, "போறேன்மா" என்று வாசலுக்கு ஓடினாள்.

"போறேன்னு சொல்லப்பிடாதுன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்? போயிட்டு வாரேன்னு சொல்லு."

"போயிட்டு வாரேன்மா!"

"ம். அப்படிச் சொல்லு."

தினமும் நடக்கிற கூத்துதான் இது. வேன் போன பிறகும் அந்த வாடை நடுவீட்டில் நின்றது. ஸ்டெபி சன்னலைத் திறந்துவிட்டாள்.

அவர்கள் வீடு கங்கைகொண்டானில், சிற்றாற்றின் கரையில். அடுக்களைச் சன்னலைத் திறந்தால் ஆறுதான். ஆறு என்று ஒரு மரியாதைக்குச் சொல்வது. வருஷத்தில் பாதி நாள் அது மணலும் சீமைக்கருவேலமும் ஆடு மேய்கிற தடமும்தான். ஸ்டெபி பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறாள். தாமிரபரணியின் துணையாறுகள் என்று பாடம் வந்தால் கரும்பலகையில் நீலச் சாக்பீஸால் இந்த ஆற்றைத்தான் முதலில் வரைவாள். மேற்கே குற்றாலத்து மலையில் ஒரு புள்ளி. அங்கிருந்து அருவியாக விழுந்து, தென்காசியைத் தொட்டு, அழுதகண்ணி, அனுமன்நதி என்று வழியில் வந்து சேர்கிற ஆறுகளை எல்லாம் சேர்த்துக்கொண்டு, வீரகேரளம்புதூர், உக்கிரன்கோட்டை என்று கிழக்கே கிழக்கே வந்து, இவள் வீட்டு அடுக்களைச் சன்னலைத் தாண்டி, கடைசியில் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்துவிடுகிற ஒரு நீலக் கோடு. கோடு போடுவது சுலபம். நிஜத்தில் அந்தத் தண்ணீர் இங்கே வந்து சேர்வதற்குள் பிள்ளைகளுக்கு அரைப் பரீட்சை வந்துவிடும். வழிநெடுக அணைக்கட்டுகள். ஒவ்வோர் அணைக்கட்டும் தன் குளங்களுக்குக் கொடுத்தது போக, நிறைந்து வழிந்தால்தான் அடுத்த ஊருக்குத் தண்ணீர்.

"எங்க ஊரு பந்தியில கடைசி எல" என்பான் எஸ்றா. எஸ்றா அவள் கணவன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. எதையும் கேலியாகவே பேசுகிற ஆள். ஸ்டெபியின் அண்ணன் நேசையா பாளையங்கோட்டையிலிருந்து வந்து, காய்ந்த ஆற்றைப் பார்த்து, "என்ன மாப்ள, கிரிக்கெட் கிரவுண்டா?" என்று கேட்டால், "எங்க ஆத்துத் தண்ணியக் குடிச்சிக்கிட்டு எங்களையே நக்கல் பண்ணுதியளாக்கும்" என்று திருப்பிக் கொடுப்பான். மச்சான்மார் பேச்சு. ஸ்டெபி அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அந்த வாடை எங்கிருந்து ஒட்டியது என்று அவளுக்குத் தெரியும். அதை ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

ஜூலையில், சீசன் நன்றாக இருந்த ஒரு சனிக்கிழமை, மூன்று பேரும் குற்றாலம் போயிருந்தார்கள். அருவியில் குளித்து முடித்து எஸ்றா மிளகாய் பஜ்ஜி வாங்கப் போக, ஸ்டெபி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கூட்டத்தை விட்டுக் கொஞ்சம் கீழே, அருவித் தண்ணீர் ஆறாக ஓடத் தொடங்குகிற இடத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்தாள். சாரல் தூவிக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி நாலைந்து ஆம்பளைகள் மொட்டைத் தலையோடு தண்ணீரில் முங்கி எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார்கள். ஏதோ வேண்டுதல் போல என்று நினைத்துக்கொண்டாள். அவர்கள் போன பிறகு பார்த்தால் பக்கத்துப் பாறையில் ஒருத்தி. பச்சைச் சேலை, சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. எண்ணெய் தேய்த்த கூந்தல் அவிழ்ந்து மடிவரை கிடந்தது. அவளுக்கு முன்னால் ஒரு வாழையிலையில் சோறு, யாரும் கை வைக்காத சோறு, மேலே கறுப்பாக என்னவோ தூவியிருந்தது.

அவள் லில்லியையே பார்த்துக்கொண்டிருந்தாள். லில்லி சும்மா இருப்பாளா? வாத்துப் படம் போட்ட தன் மஞ்சள் துண்டைத் தண்ணீரில் முக்குவதும் பிழிவதும் அம்மாமேல் உதறுவதுமாக ஒரே சேட்டை.

"பிள்ள துறுதுறுன்னு இருக்கா" என்றாள் அந்தப் பெண். குரல் ரொம்பத் தணிந்து வந்தது.

"ஒரு நிமிசம் அடங்க மாட்டாக்கா. உசிர வாங்குதா."

"எங்கூட வந்திருதியா மக்கா? நான் கூட்டிட்டுப் போயிரட்டா?"

லில்லி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். ஸ்டெபிக்குச் சிரிப்பு வந்தது.

"கூட்டிட்டுப் போங்கக்கா. நானாவது நிம்மதியா இருப்பேன்."

இதில் என்ன தப்பு? பஸ்ஸில், கல்யாண வீட்டில், ரேஷன் கடை வரிசையில், பிள்ளை பெற்ற எவளும் சொல்கிற வார்த்தைதானே? கேட்டவர்கள் சிரிப்பார்கள், பிள்ளை உதட்டைப் பிதுக்கும், கன்னத்தைக் கிள்ளிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். ஆனால் அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"நெசமாத்தான் சொல்லுதியா?"

"நெசமாத்தான்க்கா. இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க."

"இன்னைக்கு முடியாது. வீட்டுக்கு வந்து கூட்டிக்கிடுதேன். வீடு எங்கன?"

"கங்கைகொண்டான்." பேச்சு வாக்கில் ஸ்டெபி ஓடுகிற தண்ணீரைக் கை காட்டினாள். "வழி கேக்கவே வேண்டாம்க்கா. இந்தத் தண்ணி எங்க வீட்டு அடுக்களைக்குப் பின்னாலதான் போவுது. இது கூடவே வந்தா வீடு வந்துரும்."

அந்தப் பெண் தண்ணீரைப் பார்த்தாள். அது போகிற திசையைப் பார்த்தாள். பிறகு, பேரம் முடிந்த கடைக்காரி மாதிரி ஒருமுறை தலையை ஆட்டினாள்.

எஸ்றா பஜ்ஜிப் பொட்டலத்தோடு வந்து கையை ஆட்டிக் கூப்பிட்டான். எழுந்து போகும்போது ஸ்டெபி பழக்கத்தில், "அப்பம் போயிட்டு வாரோம்க்கா" என்றாள். "நானும் வாரேன்" என்றாள் அவள். கார் தென்காசியைத் தாண்டிய பிறகுதான் வாத்துத் துண்டைப் பாறையிலேயே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது.

எஸ்றாவின் தங்கை டெல்பினைத் தென்காசியில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். குற்றாலம் போய் வந்து கொஞ்ச நாள் கழித்து அவள் போன் பண்ணினாள்.

"மதினி, லில்லி துண்டத் தொலைச்சிட்டான்னு சொன்னியள்லா? மஞ்சள்ல வாத்து போட்டதுதானே? நேத்து ஆத்துப் பாலத்துக்குக் கீழ ஒரு பொம்பள தோள்ல கெடந்துச்சு."

"கடையில எத்தனையோ வாத்துத் துண்டு விக்குது, டெல்பின்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா ஓரத்துல நீங்க நூல்ல 'லி' போட்டிருப்பியள்லா, அதுவும் இருந்துச்சு. இது யாரு துண்டும்மான்னு கேட்டேன். பிள்ளைக்கிட்டக் குடுக்கணும், கங்கைகொண்டானுக்குத்தான் போறேன்னா. அவ்வளவு தூரம் நடந்தேவான்னு கேட்டேன். தண்ணி போவட்டும், பின்னாலயே போறேன்னா. கோட்டி பிடிச்சவ போலன்னு நெனச்சு வந்துட்டேன்."

அடுக்களைச் சன்னலுக்கு வெளியே ஆறு காய்ந்து கிடந்தது. அதன் நடுவில் ஒரு நாய் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. ஸ்டெபி அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது எஸ்றாவிடம் சொன்னாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? நம்ம பொருளத் தேடிக் குடுக்கணும்னு நெனைக்கிற நல்ல மனுசி. வந்தா ஒரு காப்பி போட்டுக் குடு."

"அத்தான், நான் பிள்ளையக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டேன்."

"நான் ஆயிரம் மட்டம் சொல்லிருக்கேன். போன வாரம் சிலிண்டர் போட வந்தவங்கிட்டக்கூடச் சொன்னேன். அவன் கூட்டிட்டா போயிட்டான்?"

அவன் சொல்வது நியாயம்தான். நியாயம் என்பதால் பயம் போய்விடுமா என்ன? அன்று ஸ்டெபி லில்லியைத் தனக்கும் சுவருக்கும் நடுவில் படுக்க வைத்துக்கொண்டாள். காலையில் தலையணை ஈரமாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிற கோமதிசங்கர் சாருக்குச் சொந்த ஊர் வீரகேரளம்புதூர். வாரக் கடைசியில் ஊருக்குப் போய், திங்கள்கிழமை காலையில் நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வருவார். ஆகஸ்டில் ஒரு திங்கள்கிழமை, மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னார்.

"டீச்சர், இந்த வருசம் ஒங்க ஊருக்குச் சீக்கிரமே தண்ணி வந்துரும் பாருங்க. எங்க ஊர் அணைக்கட்டு நெறையப் போவுது. நேத்து அங்கன ஒரு பொம்பள உக்காந்திருந்தா. கங்கைகொண்டானுக்கு இன்னும் எத்தன அணைக்கட்டு இருக்குன்னு கேட்டா. எனக்கு ஒங்க ஞாபகம்தான் வந்துச்சு."

கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. பச்சைச் சேலையா என்று கேட்டாள். ஆமாம் என்றார். நனைந்திருந்தாளா? அணைக்கட்டில் உட்கார்ந்தால் நனையத்தானே செய்யும் என்றார். ஸ்டெபிக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை, குற்றாலத்தில் நடந்ததை ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தாள். சொல்லும்போதே, சார் சிரித்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று ஓர் ஆசை. அவரும் சிரித்துக்கொண்டுதான் கேட்டார், வாழையிலையைப் பற்றி அவள் சொல்கிறவரை.

"சோத்துமேல கறுப்பா இருந்துச்சுன்னியளே. எள்ளா?"

"இருக்கும் சார். எங்களுக்கு அந்தச் சடங்கெல்லாம் தெரியாதுல்லா. ஏன் சார்?"

அவர் டப்பாவை மூடினார். உள்ளே பாதி இட்லி அப்படியே இருந்தது. "ஒண்ணுமில்ல டீச்சர்" என்று கை கழுவப் போனவர், மணி அடித்த பிறகுதான் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அவளைப் பார்க்கும்போதெல்லாம் லில்லி எப்படி இருக்கிறாள் என்று கேட்பார். தண்ணீரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

ஊர் முழுக்க அதே பேச்சுதான். மேற்கே நல்ல மழை, தண்ணீர் வருகிறது, எந்த ஊரைத் தாண்டிவிட்டது, எந்தக் குளம் நிறைந்துவிட்டது என்று டீக்கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் வாய் ஓயவில்லை. ஆட்கள் ஆற்றுக்குள் இறங்கிக் கருவேலத்தை வெட்டினார்கள். ஊரே வேண்டி விரும்பிக் கேட்கிற தண்ணீர் வந்துவிடக் கூடாது என்று ஸ்டெபி ஒருத்தி மட்டும் கட்டிலோரம் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினாள். பண்ணும்போதே கூசியது. எத்தனை வயல் காய்ந்து கிடக்கிறது! ஆண்டவர் யார் பேச்சைக் கேட்பார்?

வீட்டில் வாடை கூடிக்கொண்டே வந்தது. முதலில் லில்லியின் தலையில் மட்டும் இருந்தது, அப்புறம் அவள் சட்டையில், பையில், பிறகு அரிசிப் பானையைத் திறந்தாலும் அதுதான் அடித்தது. சாயங்காலம் காற்று மேற்கிலிருந்து திரும்பும்போது காய்ந்த ஆற்று மணலுக்கு அடியில் எங்கோ தண்ணீர் கல்லில் மோதி மோதிப் போவது மாதிரி ஒரு சத்தம், அடுப்பை அணைத்துக் காது கொடுத்தால் இருக்காது, முதுகைத் திருப்பினால் மறுபடியும் கேட்கும். எஸ்றாவுக்கு எதுவும் தெரியவில்லை. "மழை வாசனைட்டி" என்றான்.

ஒருநாள் அவன் கம்பெனியிலிருந்து வந்ததும் வராததுமாகப் போனை நீட்டினான். யாரோ அனுப்பிய வீடியோ. உக்கிரன்கோட்டைப் பக்கம் அணைக்கட்டில் தண்ணீர் வழியத் தொடங்கியதும் ஊர்க்காரர்கள் பூத் தூவி, குலவை போட்டு, பையன்கள் விசிலடித்துக் குதிக்கிறார்கள். செந்நிறத் தண்ணீர், நுரை, குப்பை, கைதட்டல். எல்லாரும் தண்ணீரைப் பார்த்து நிற்கிறார்கள். ஓரத்தில், முழங்கால் அளவு தண்ணீரில், ஒருத்தி மட்டும் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்து நிற்கிறாள். பச்சைச் சேலை. தோளில் மஞ்சளாக ஒன்று.

ஸ்டெபி போனைக் கீழே வைத்தாள்.

உக்கிரன்கோட்டைக்கு அப்புறம் என்ன இருக்கிறது? கொஞ்சம் குளங்கள். அப்புறம் இவள் அடுக்களை.

அன்று முழுவதும் மனசுக்குள் கரும்பலகையைப் போட்டுப் பார்த்தாள். நீலக் கோடு மேற்கிலிருந்து வருகிறது. கங்கைகொண்டானைத் தாண்டுகிறது. சீவலப்பேரியில் தாமிரபரணியில் விழுகிறது. விழுந்த பிறகு ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர், கடல். பாளையங்கோட்டை எங்கே இருக்கிறது? சீவலப்பேரிக்கு மேலே. சிற்றாற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டுகூடப் பாளையங்கோட்டையைப் பார்க்காது. ஆறு மேட்டுக்கு ஏறாது. இதை எத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்! அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, லில்லியின் துணிகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் காலை பஸ்ஸிலேயே அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"பைத்தியக்காரிக்கு வாக்கப்பட்டுட்டேன்" என்று எஸ்றா தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் பஸ் ஸ்டாப் வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

அண்ணன் நேசையா பாளையங்கோட்டைக்கு வெளியே, புதிதாக மனை போட்ட ஒரு நகரில் வீடு கட்டியிருந்தார். மேடான இடம். மாடியில் நின்றால் சுற்றிலும் செம்மண்ணும் பனைகளும்தான், ஆறு கண்ணிலேயே படாது. மதினி கிரேஸ் என்ன ஏது என்று கேட்கவில்லை, "பத்து நாள் இருந்துட்டுப் போலாம்ட்டி" என்று லில்லிக்கு முறுக்கு எடுத்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் காலையில் சடை பின்ன உட்கார்ந்தபோது ஸ்டெபி வகிட்டில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். தேங்காய் எண்ணெய். வெறும் தேங்காய் எண்ணெய். பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். லில்லி, "அம்மா, சடைய இழுக்காத" என்றாள்.

அப்புறம் அவள் நன்றாகத் தூங்கினாள். மதினியோடு சேர்ந்து சிரித்தாள். தான் பயந்த கதையைத் தானே சொல்லி, அண்ணன் கேலி பண்ண, அதற்கும் சிரித்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணனும் மதினியும் தெருக்கோடி வீட்டில் ஜெபக்கூட்டத்துக்குப் போனார்கள். மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. மின்சாரம் மத்தியானமே போயிருந்தது. லில்லி முன்னறையில் தரையில் குப்புறப் படுத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு யானைக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். அடுக்களையில் ஸ்டெபியின் போன் அடித்தது. எஸ்றா.

"தண்ணி வந்துட்டுட்டி! நேத்துக் காலையிலயே வந்துட்டு. ஆறு நெறைய ஓடுது. நீ பாக்கக் குடுத்து வைக்கல."

"நல்லா வரட்டும்" என்றாள் ஸ்டெபி. நிஜமாகவே சந்தோஷமாகத்தான் சொன்னாள். வரட்டும், ஓடட்டும், கடலுக்குப் போகட்டும்.

"அது கெடக்கட்டும். நேத்தே சொல்லணும்னு நெனச்சு மறந்துட்டேன். ஒன் குத்தாலத்து அக்கா வந்தாவ."

"எங்க?"

"அடுக்களை வாசல்ல நின்னாவ. பாவம், தொப்பலா நனைஞ்சிருந்தாவ. உள்ள வாங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்கன்னேன். மாட்டேன்னுட்டாவ. பிள்ள எங்கன்னு கேட்டாவ. பாளையங்கோட்டையில மாமா வீட்டுல இருக்கான்னேன்."

"அத்தான்."

"கேளு. எப்படிப் போவணும்னு கேட்டாவ. பஸ்சச் சொன்னேன். எனக்குத் தண்ணி போற வழிதான் தெரியும்னாவ. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அப்பம் அதுலயே போங்க, சீவலப்பேரியில ஆத்துக்குள்ள கெணறு போட்டு, மோட்டார் வச்சு, அங்கேருந்து தண்ணிய இழுத்துத்தான் எங்க மச்சான் வீட்டுக் கொழாயில விடுதான், நேரா வீட்டுக்குள்ளயே போய் எறங்கிரலாம்னேன். ஒரு பேச்சுக்குத்தான்ட்டி சொன்னேன். அவிய சிரிக்கவே இல்ல. ஒரு மாதிரி தலைய ஆட்டிட்டு..."

குழாய்.

காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. மதினி மோட்டார் போட்டாள். மாடித் தொட்டி நிறைந்து வழிந்தது. ஸ்டெபிதான் போய் நிறுத்தினாள்.

ஆறு மேட்டுக்கு ஏறாது.

ஏற்றினால் ஏறும்.

முன்னறைக்கு ஓடி வந்தாள். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. பாதிக் கலர் அடித்த யானை கிடந்தது. லில்லி இல்லை. வீட்டுக்குள் அந்த வாடை. நல்லெண்ணெய். பாறை. காயாத கூந்தல். குளியலறையில் குழாய் கொட்டுகிற சத்தம்.

ஓடினாள். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அந்தத் தாழ்ப்பாள் மேலே இருக்கிறது. லில்லிக்கு எட்டாது.

"லில்லி! கதவத் திற! லில்லி!"

தண்ணீர்ச் சத்தம்.

இரண்டு கையாலும் கதவை அறைந்தாள். தோளால் இடித்தாள். பிறகு கதவோடு கதவாகச் சரிந்து உட்கார்ந்தாள். கீழே இடுக்கு வழியாகத் தண்ணீர் வந்து சேலையை நனைத்தது. சில்லென்று. அருவித் தண்ணீர் மாதிரி.

"அக்கா. அக்கா, நான் வெளையாட்டுக்குச் சொன்னேங்க்கா."

கதவுக்கு அந்தப் பக்கம், ரொம்பப் பக்கத்தில், அவளைப் போலவே தரையில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியின் குரல்.

"நான் வெளையாட்டுக்குக் கேக்கலியே, தாயி."

தாழ்ப்பாள் விலகியது.

உள்ளே யாரும் இல்லை. கொக்கியில் மஞ்சள் துண்டு, நன்றாகக் காய்ந்து, வாத்து வெளியே தெரியும்படி மடித்துப் போட்டிருந்தது. வாளி நிறைந்து வழிந்தது. குழாய் முழு வீச்சில் கொட்டிக்கொண்டிருந்தது.

ஸ்டெபி பாய்ந்து திருகைப் பிடித்தாள். பாதி திருகிவிட்டாள்.

"அம்மா."

குழாய்க்குள்ளிருந்து வந்தது. தண்ணீருக்குள்ளிருந்து. திருகத் திருக அந்தக் குரலும் மெலிந்தது. பதறிப்போய் மறுபடி முழுதாகத் திறந்துவிட்டாள்.

"அம்மா, இங்கன இருட்டா இருக்கு."

"லில்லி! நான் இங்கதான் இருக்கேன். அம்மா இங்கதான்."

அடைக்க முடியாது. அடைத்தால் போய்விடும். அடைக்காமல் எத்தனை நேரம்? மாடித் தொட்டி சின்னது. மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாது. தெருக்கோடியில் ஜெபக்கூட்டத்தில் பாடிக்கொண்டிருக்கிறார்கள், எல்லாரும் கைதட்டிப் பாடிக்கொண்டிருக்கிறார்கள், இவள் கத்துவது யாருக்குக் கேட்கும்? முன்னறையில் விழுந்து கிடந்த போனில் எஸ்றா, "என்னட்டி, என்னட்டி" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

வாளியைக் கவிழ்த்துத் தேடினாள். கைகளைக் குவித்துத் தண்ணீரைப் பிடித்தாள். விரலிடுக்கில் ஒழுகியது. வாயை வைத்தாள். காதை வைத்தாள். கொட்டியது ஓடையானது. ஓடை நூலானது.

"போயிட்டு வாரேன்மா."

அவள் பழக்கிய பிள்ளை. மறக்கவில்லை.

"அப்படிச் சொல்லப்பிடாது மக்கா." தணிந்த குரல். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற குரல். "போறேன்னு சொல்லு."

நூல் அறுந்தது. சொட்டு.

சொட்டு.

ஸ்டெபி குழாயின் வாயில் காதை ஒட்ட வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடுத்த சொட்டுக்காகக் காத்திருந்தாள்.